'காப்பி ஆயிடுச்சு' என்றொரு பொய்

கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தார். குரலில் அழுகை இல்லை. அதற்கு முந்தின கட்டம்.

"சார், பொண்ணு வீட்டுக்காரங்க ஊருக்குக் கிளம்பறாங்கன்னு பென் டிரைவ்ல எல்லாப் படத்தையும் போட்டுக் குடுத்தேன். காப்பி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுச்சு. நூறு பெர்சன்ட்! இப்ப அங்கேர்ந்து போன் வருது. ஃபைல் பேர் எல்லாம் இருக்காம். திறந்தா பாதிப் படம் சாம்பல் கலராம். சில படம் திறக்கவே இல்லியாம்."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

கொஞ்ச நேரம் மௌனம். "இடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன் சார்..."

கேமராவின் மெமரி கார்டைக் குடைந்து முக்கால்வாசிப் படங்களை மீட்டோம். மீதி கால்வாசி போனது போனதுதான். ஒரு குடும்பத்துக்கு அந்த நாள் திரும்ப வராது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதே நண்பர் அதற்கு முன் வேறொரு புகாரும் சொல்லிக்கொண்டிருந்தார். காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்று கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தார். "பென் டிரைவ்ல பெரிய ஃபைல் காப்பி போட்டா மொத்த மெஷினும் உறைஞ்சு போகுது சார். மவுஸ் மட்டும் நகருது. பிரவுசர் திறக்கலை, பாட்டு நின்னு போச்சு. பென் டிரைவ்தானே ஸ்லோ? மத்ததெல்லாம் ஏன் நிக்கணும்?"

நியாயமான கேள்வி. 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு முடிக்காமல் இருப்பது ஒன்று. முடிக்கப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கோளாறு மாதிரி தெரியும். உண்மையில் ஒரே பொய்யின் இரண்டு விளைவுகள். அந்தப் பொய்க்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம் உண்டு.

* * *

அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலம். மர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆராய்ச்சிக்கூடம். அங்கே 1969-ல் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவரும் சில சகாக்களும் சேர்ந்து ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். பெயர் யூனிக்ஸ். 1971-ல் அது ஓடிய பி.டி.பி-11 மெஷினின் மெமரி எவ்வளவு தெரியுமா? 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். டிஸ்க், 512 கிலோபைட். இன்று காலையில் உங்கள் போனுக்கு வந்த 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படங்கள் நாலைந்து போட்டால் நிரம்பிவிடும்.

மெமரிக்கு மின்னல் வேகம். டிஸ்க் அப்படியல்ல. அது சுழலும் தட்டு. எழுத வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் புரோகிராம் அப்படிக் காத்திருந்தால் வேலை நடக்குமா?

அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். புரோகிராம் 'இதை எழுது' என்று கொடுப்பதை வாங்கி மெமரியில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, 'எழுதியாச்சு, நீ போ' என்று சொல்லிவிடுவது. நிஜமாக டிஸ்க்கில் எழுதுவது அப்புறம்.

நாம் தபால் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து 'லெட்டர் போட்டாச்சு' என்று சொல்வதில்லையா? கடிதம் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்காது. ஆனாலும் நம்மைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அதே கதைதான். யூனிக்ஸில் தபால்காரர் வேலையைப் பார்த்தது 'அப்டேட்' என்ற குட்டி புரோகிராம். 30 விநாடிக்கு ஒருமுறை வந்து, சேர்ந்து கிடப்பதை டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. ஒரே இடத்தைப் பத்து முறை திருத்தினால், பத்து முறை டிஸ்க்குக்கு ஓட வேண்டாம். கடைசித் திருத்தத்தை மட்டும் எழுதினால் போதும்.

ஆபத்து? நடுவில் கரன்ட் போனால் பெட்டியில் இருந்த கடிதமெல்லாம் காலி.

அதற்காக 'ஸிங்க்' என்று ஒரு கட்டளை வைத்தார்கள். 'சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போதே எழுது' என்று அர்த்தம். அதிலும் ஒரு குசும்பு. எழுதச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, எழுதி முடிப்பதற்கு முன்பே 'ஸிங்க்' திரும்பி வந்துவிடலாம் என்று பழைய யூனிக்ஸ் கையேடே ஒப்புக்கொண்டது. ஆகவே மெஷினை நிறுத்துமுன் 'ஸிங்க்' என்று மூன்று முறை, தனித்தனி வரியாக டைப் அடிக்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் கிளம்பியது. முதல் முறை அடிப்பதுதான் நிஜ உத்தரவு. அடுத்த இரண்டு முறை டைப் அடிக்கும் நேரத்தில் டிஸ்க் வேலையை முடித்துவிடும்! காரணம் மறந்தபிறகும் ஆபரேட்டர்கள் தோப்புக்கரணம் மாதிரி பக்தியாக மூன்று முறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பொய் அப்போதே பிறந்துவிட்டது. ஆனால் சின்னப் பொய். 24 கிலோபைட் மெமரியில் எவ்வளவுதான் பாக்கி வைக்க முடியும்?

* * *

1991. பின்லாந்து. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் மாதிரியே ஒன்றைத் தன் சொந்த கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்தார். ஆகஸ்ட் மாதம் உலகுக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அவருடைய கம்ப்யூட்டரின் மெமரி 4 மெகாபைட். யூனிக்ஸின் 'அப்புறம் எழுதிக்கலாம்' தந்திரத்தை லினக்ஸும் எடுத்துக்கொண்டது.

மெமரியில் மாற்றப்பட்டு, டிஸ்க்குக்கு இன்னும் போகாத பக்கத்துக்கு கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'டர்ட்டி பேஜ்'. அழுக்குப் பக்கம். துவைக்கப் போடாத துணி மாதிரி. ஓர் அளவு வரை மூலையில் குவிக்கலாம். அதற்கு மேல் குவிந்தால் வீட்டில் கால் வைக்க முடியாது. எவ்வளவு வரை குவியவிடலாம் என்று ஒரு விதி வேண்டுமல்லவா?

லினக்ஸ் அதற்குச் சதவிகிதக் கணக்கு வைத்தது. அந்த எண்கள் காலப்போக்கில் மாறி மாறி, கடைசியில் இப்படி நிலைத்தன. பயன்படுத்தக் கிடைக்கும் மெமரியில் 10 சதவிகிதம் அழுக்கானால் பின்னணியில் எழுத ஆரம்பி. 20 சதவிகிதத்தை நெருங்கினால், எழுதுகிற புரோகிராம்களையெல்லாம் பிடித்து நிறுத்து. அழுக்கு குறைந்தபிறகுதான் மேற்கொண்டு விடு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே என்று சம்சார பாஷையில் சொல்கிறேன். ஒருவருக்கு மளிகைக் கடையில் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அவருடைய மாதச் சம்பளத்தைப் பார்க்க வேண்டுமா, வீட்டின் சதுர அடியைப் பார்க்க வேண்டுமா? கடனைத் தீர்ப்பது சம்பளம்தானே! டிஸ்க் எழுதும் வேகம்தான் சம்பளம். மெமரி வெறும் வீட்டின் அளவு. லினக்ஸ், வீட்டை அளந்து கடன் கொடுத்தது.

வீடு சின்னதாக இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. 16 மெகாபைட் மெமரியில் 20 சதவிகிதம் என்றால் 3.2 மெகாபைட். அந்தக் காலத்து டிஸ்க்கே சில விநாடிகளில் தீர்த்துவிடும்.

* * *

இதற்கிடையில் வேறொரு பக்கம் வேறொரு கதை.

பிரிண்டருக்கு ஒரு வயர், மவுஸுக்கு ஒரு வயர், கீபோர்டுக்கு ஒரு வயர் என்று கம்ப்யூட்டரின் முதுகு சிக்கலாகிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே துளை இருந்தால் என்ன? இன்டெல் கம்பெனியில் வேலை பார்த்த அஜய் பட் (இந்தியர், பரோடாவில் படித்தவர்) இதற்காகப் போராடினார். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் சேர்ந்து, 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. முதல் பதிப்பை வெளியிட்டன. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நின்றுகொண்டிருக்க, உதவியாளர் ஒரு ஸ்கேனரை யூ.எஸ்.பி.யில் செருகினார். அவ்வளவுதான். விண்டோஸ் 98 நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது! அரங்கமே சிரித்தது. 'இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை' என்ற தொனியில் சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ்.

ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடித்திருந்தார். 'ஃப்ளாஷ்' என்ற பெயர் அவருடைய சக ஊழியர் வைத்தது. மொத்தமாக ஒரே வீச்சில் அழிவதைப் பார்த்து அவருக்கு கேமரா ஃப்ளாஷ் ஞாபகம் வந்ததாம். மசுவோகா குழு 1987-ல் அறிவித்த 'நாண்ட்' வகைதான் உங்கள் பென் டிரைவுக்குள் இருப்பது.

யூ.எஸ்.பி. துளையையும் ஃப்ளாஷ் மெமரியையும் முடிச்சுப் போட்டது 2000-ம் வருஷம். சிங்கப்பூரின் டிரெக் கம்பெனி 'தம்ப் டிரைவ்' என்று ஒன்றை விற்றது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்த 8 மெகாபைட் டிரைவை ஐ.பி.எம். அமெரிக்காவில் விற்றது. 'நான்தான் முதலில்' என்று வேறு சிலரும் கொடி பிடித்தார்கள். யாராக இருந்தால் என்ன? 1.44 மெகாபைட் ஃப்ளாப்பிக்கு அன்றைக்கே சங்கு ஊதியாயிற்று.

இந்தச் சின்னப் பொருளுக்கு ஒரு பலவீனம். சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியாக எழுதலாம். ஆனால் அழிக்கும்போது ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, முழு சிலேட்டையும்தான் துடைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அப்போது நடுவில் ஒரு வரியைத் திருத்த என்ன செய்வீர்கள்? மற்ற வரிகளை இன்னொரு சிலேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு, இதைத் துடைக்க வேண்டும். ஃப்ளாஷ் மெமரி அப்படித்தான். எழுதுவது சில கிலோபைட் பக்கங்களாக. அழிப்பது நூற்றுக்கணக்கான கிலோபைட்டோ, சில மெகாபைட்டோ கொண்ட பெரிய கட்டங்களாக. விலை உயர்ந்த டிரைவுகளில் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கும் சிப் இருக்கும். மலிவான பென் டிரைவில் அந்தச் சாமர்த்தியம் கம்மி. கொஞ்ச நேரம் ஜோராக எழுதும். திடீரென்று மூச்சு வாங்கும். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் விநாடிக்கு 5 மெகாபைட்டுக்கு இறங்குவது சர்வசாதாரணம்.

* * *

இப்போது இரண்டு கதைகளையும் மோதவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரின் மெமரி 16 ஜிகாபைட். அதில் 20 சதவிகிதம், சுமாராக 3.2 ஜிகாபைட். ஒரு சினிமாவை பென் டிரைவில் காப்பி போடுகிறீர்கள். லினக்ஸ் சந்தோஷமாக மெமரியில் வாங்கிக்கொள்கிறது. ஸ்கிரீனில் பச்சைக்கோடு சர்ரென்று ஓடுகிறது. சில விநாடிகளில் நூறு சதவிகிதம்! பென் டிரைவ் பக்கமோ விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்குகிறது. 3.2 ஜிகாபைட் இறங்க 640 விநாடி. பத்து நிமிஷத்துக்கு மேல். அந்தப் பத்து நிமிஷத்தில் பென் டிரைவைப் பிடுங்கினால்? என் நண்பருக்கு நடந்ததுதான்.

பிடுங்காமல் இருந்தால் இன்னொரு தலைவலி. அழுக்கு வரம்பைத் தொட்டதும் லினக்ஸ் எல்லோரையும் நிறுத்துகிறது. பென் டிரைவில் எழுதியவரை மட்டுமல்ல, வேகமான ஹார்ட் டிஸ்க்கில் எழுத வந்தவரையும்தான். கடன் வாங்கியவர் ஒருவர், கடைக்காரர் ஷட்டரை இறக்கியதில் தெருவே பட்டினி. இப்படி டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் புரோகிராமைக் கட்டாயமாகக் கொல்லலாம் என்றால் அதுவும் முடியாது. கொல்லும் உத்தரவையே அது காதில் வாங்காது. உள்ளே எட்டிப் பார்த்தால், 'இன்ன புரோகிராம் 120 விநாடிக்கு மேல் அசையாமல் கிடக்கிறது' என்று லினக்ஸ் பரிதாபமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கும்.

கெர்னல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள் இதயம். 2008 ஜனவரியில் வந்த பதிப்பில் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா ஒரு திருத்தம் செய்தார். எந்த டிஸ்க் எவ்வளவு வேகமாகக் கடன் தீர்க்கிறதோ, அதற்கேற்ப அழுக்கு வரம்பில் பங்கு. 2009 டிசம்பரில் வந்த பதிப்பில் ஜென்ஸ் ஆக்ஸ்போ, டிஸ்க்குக்கு ஒரு தபால்காரர் என்று தனித்தனியாக நியமித்தார். ஒருவர் மெதுவாக நடந்தால் மற்றவர் நிற்க வேண்டாம். 2012 ஜனவரிப் பதிப்பில் வூ ஃபெங்குவாங், எழுதுகிறவர்களைத் திடீரென்று கழுத்தைப் பிடித்து நிறுத்தாமல், படிப்படியாக வேகத்தைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகியது. 2011-ல் வந்த ஒரு வசதி, புரோகிராம்களுக்கு மெமரியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுக்காமல் 2 மெகாபைட் அடுத்தடுத்த துண்டாகக் கொடுத்தது. வேகத்துக்காகத்தான். அப்படி இடம் ஒதுக்க, அங்கே இருக்கும் பக்கங்களை நகர்த்த வேண்டும். நகர்த்தப் போன இடத்தில் பென் டிரைவுக்குப் போக வேண்டிய அழுக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தால்? அது எழுதி முடியும்வரை காத்திரு! பென் டிரைவோடு ஸ்நானப்ராப்திகூட இல்லாத பிரவுசர் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. மெல் கோர்மன் உள்ளிட்டவர்கள் அந்தக் காத்திருப்பைக் குறைக்கத் திருத்தங்கள் எழுதினார்கள்.

* * *

உச்சக்கட்டக் கூத்து 2013 அக்டோபரில். பதினாறு ஜிகாபைட் மெமரி வைத்திருந்த ஒருவர் லினக்ஸ் கெர்னல்காரர்களிடம் முறையிட்டார். அதே மெஷினில் 32 பிட் கெர்னல் போட்டால் ஒழுங்காக இருக்கிறது, 64 பிட் போட்டால் பென் டிரைவில் எழுதும்போது திண்டாடுகிறது என்று. பார்த்தால் விஷயம் இதுதான். 32 பிட் கெர்னல் இந்தச் சதவிகிதத்தைக் கணக்கிடும்போது மெமரியின் கீழ்ப்பகுதியான சுமார் 900 மெகாபைட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அதில் 20 சதவிகிதம், ஏறக்குறைய 180 மெகாபைட். அரை நிமிஷத்துச் சமாசாரம். 64 பிட் கெர்னலோ மொத்த மெமரியையும் கணக்கில் எடுத்தது. நல்ல கெர்னலுக்கு மாறியதுதான் அவர் செய்த குற்றம்!

பதில் சொன்னவர் சாட்சாத் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் மழுப்பவில்லை. இந்தச் சதவிகிதக் கணக்கே கம்ப்யூட்டர்களில் 8 முதல் 64 மெகாபைட் மெமரி இருந்த காலத்தின் மிச்சம் என்று ஒப்புக்கொண்டார். அன்று 64 மெகாபைட் வைத்திருந்தவர் பெரிய பணக்காரர், அவர் 8 மெகாபைட் அழுக்கு வைத்துக்கொண்டால் பரவாயில்லை என்று நினைத்த காலம் அது என்று கிண்டலாக விளக்கினார். விதி எழுதினபோது அது சரி. வீடு ஆயிரம் மடங்கு பெரிதானபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

'சரி, அந்த எண்ணை மாற்ற வேண்டியதுதானே, ஒரு நிமிஷ வேலை' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். உலகம் முழுக்க சர்வர்களில் லினக்ஸ் ஓடுகிறது. வேகமான டிஸ்க் அடுக்குகள் வைத்திருக்கும் இடங்களில் ஜிகாபைட் கணக்கில் அழுக்கு சேர்ப்பது லாபம். வரம்பைக் குறைத்தால் அவர்கள் வேலை மந்தமாகும். பென் டிரைவ்காரருக்காக அவர்களைத் தண்டிப்பதா? விவாதம் நடந்தது. யோசனைகள் வந்தன. 10, 20 என்ற அந்த இரண்டு எண்களும் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. மாறியது, சுற்றியிருந்தவைதான். 2017 பிப்ரவரியில் வந்த 4.10 பதிப்பில் ஆக்ஸ்போ மறுபடி வந்து, பின்னணியில் எழுதும் வேலை, முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வேலையை நசுக்காமல் கட்டுப்படுத்தும் முறை ஒன்றைச் சேர்த்தார்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 'மெமரியில் சேர்த்து வைத்து வேகமாக எழுது', 'சேர்க்காமல் உடனுக்குடன் எழுது' என்று இரண்டு ஏற்பாடுகள் விண்டோஸில் உண்டு. 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செருகும் டிரைவுகளுக்கு இரண்டாவதுதான் வழக்கமான ஏற்பாடு என்று அறிவித்தார்கள். வேகம் கொஞ்சம் குறையும். பச்சைக்கோடு மெதுவாக ஊரும். ஆனால் ஊருவது நிஜம்.

* * *

லினக்ஸ்காரர்கள் என்ன செய்யலாம்? முதல் வைத்தியம், பென் டிரைவைப் பிடுங்குமுன் 'இஜெக்ட்' கொடுங்கள். 'இப்போது எடுக்கலாம்' என்று வரும்வரை கையை வைக்காதீர்கள். அல்லது 'ஸிங்க்' என்று ஒரே ஒரு முறை அடியுங்கள். இன்றைய லினக்ஸில் எழுதி முடிந்த பிறகுதான் அது திரும்பி வரும். மூன்று தோப்புக்கரணம் வேண்டாம்.

இரண்டாவது, மெஷின் உறைந்த மாதிரி இருந்தால் பதறி சுவிட்சை அணைக்காதீர்கள். மெமரி நிலவரம் காட்டும் 'மெம்இன்ஃபோ' ஃபைலில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த எண்கள் குறைந்துகொண்டே வந்தால் வேலை நடக்கிறது, பொறுங்கள். குறையவே இல்லை என்றால் பென் டிரைவ் சாகக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது, அடிக்கடி இந்த அவஸ்தை என்றால், சதவிகிதத்துக்குப் பதில் நேரடியாக பைட் கணக்கில் வரம்பு வைக்க 2009-லிருந்தே வழி இருக்கிறது. 'டர்ட்டி பைட்ஸ்', 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' என்று அந்த அமைப்புகளுக்குப் பெயர். முதலாவதற்கு 200 மெகாபைட், இரண்டாவதற்கு அதில் பாதி என்று வைத்துப் பாருங்கள். பச்சைக்கோடு உடனே மெதுவாகிவிடும். ஏமாந்துவிடாதீர்கள். காப்பி மெதுவாகவில்லை. பொய் குறைந்திருக்கிறது.

போட்டோ நண்பருக்கு அந்த மாற்றத்தைத்தான் செய்து கொடுத்தேன். மறுநாளே போன். "சார், முன்னாடி பத்து செகண்டுல முடியும். இப்ப பத்து நிமிஷம் ஆகுது."

"முன்னாடியும் பத்து நிமிஷம்தான். உங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்" என்றேன்.

இப்போதெல்லாம் காப்பி ஓடும்போது அவர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறார். வந்த பிறகும், பென் டிரைவின் குட்டி விளக்கு கண் சிமிட்டுவதை நிறுத்தியதா என்று ஒருமுறை குனிந்து பார்க்கிறார். கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பது, வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் திறந்து பார்த்து 'எல்லாம் இருக்கு' என்று சொன்ன பிறகுதான்.